முதல் மாடி அப்வாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ரங்கூன் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் பற்றி உங்களில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மண்டலேயை விட்டு நாங்கள் வந்த விதமும், வந்த பிறகு சின்னவன் இருந்த நிலையும் உங்களுக்குத் தெரியும். குளியலறைக் கதவைக்கூடச் சாத்த விடாமல் நின்ற பிள்ளை, இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு கோயில் தமிழ் வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். நான் கூடப் போகவில்லை. வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி எங்கள் கட்டடத்து முதல் மாடி அப்வாவுக்கு, பர்மிய மொழியில் பாட்டி. காலையில் வாசலில் சாக்கு விரித்து, மல்லிகையும் புத்தருக்கு வைக்கிற தப்யே தழையும் விற்பாரே, அவரேதான். கல்யாணம் காட்சி என்று எதிலும் நமக்குப் பழக்கமில்லாதவர். நாங்கள் குடிவந்தபோது எங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ரங்கூன் வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும் அல்லவா? கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. மின்சாரம் இருந்தாலும் போனாலும் அது வேலை செய்யும். நாங்கள் தங்கியிருக்கும் கொழுந்தனார் வீட்டுக் கயிற்றில் மணி துருப்பிடித்துப் போயிருந்தது. ஒருநாள் அப்வா மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி வந்து, தன் வீட்டுப் பித்தளை மணியை அதில் கட்டிவிட்டுப் போனார். அப்புறம் சின்னவனைக் கீழே தன் சாக்கில் உட்காரவைத்துக்கொண்டு, பயம் வந்தால் கயிற்றை இழு, அம்மா மேலிருந்து ஒரு இழுப்பு இழுப்பாள், இறங்கி மட்டும் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சொன்னதும் அதேதான்.

கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசிய ஆலோசகரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருந்தார். பையன் வர வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் பேசினால் போதும் என்றார் அந்த அம்மா. பயப்படுவது பிள்ளை, பாடம் நமக்கா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஏலி லெபோவிட்ஸ் வகுத்த முறையாம், ஸ்பேஸ் என்று பெயர். 7 முதல் 14 வயது வரையான 124 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியாகியிருக்கிறது. பிள்ளைக்கே நேரடியாகத் தரும் சிகிச்சைக்குச் சற்றும் குறையாத பலன், பெற்றோரிடம் மட்டும் பேசியே கிடைத்திருக்கிறது. எண்ணைக் கேட்டால்தான் நம்புகிற மனிதர் இவர், அதன்பிறகு சிரிக்கவில்லை. முறை இரண்டே வரிதான். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, ஆனா உன்னால தாங்க முடியும்னு நான் நம்புறேன்" என்று சொல்ல வேண்டும். அவன் பயத்துக்காக நாம் செய்துகொடுக்கிற காரியங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

கேட்கச் சுலபம். கீழே பிள்ளை தேம்புகிற சத்தம் கேட்கும்போது நான்காம் மாடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேறு விஷயம். பாதிப் படி இறங்கிவிடுவேன். முதல் மாடி வளைவில் அப்வாவின் மகள் நின்றுகொண்டு, ஒன்றும் பேசாமல் மேலே கை காட்டுவாள். அவளை அங்கே நிறுத்தியதும் அப்வாதான் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கும் ஒரு காவல் போட்டிருந்தார் மனுஷி! பயந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எத்தனையோ பேர் வருவார்கள். பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நேராக மேலே போன கோடு இல்லை அது. ஏப்ரல் 21-இல் மறுபடி வரும் என்று டிக்டாக்கில் ஒரு ஜோசியர் கிளப்பிவிட்டபோது எல்லாம் பழையபடி ஆனது. அன்று மணி ஓயவே இல்லை. அப்வா அவனைத் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. ஒரு கட்டுத் தழையை அவன் கையில் கொடுத்து, இரண்டாம் மாடிக்காரர் கயிற்றில் மாட்டி இழு என்றார். அவர் மேலே இழுத்துக்கொண்டு, பையில் காசைப் போட்டு இறக்கினார். அடுத்து எதிர்க் கட்டடம், அதற்கடுத்து மூலை வீடு. ஊரார் கயிறுகளை இழுக்கிற மும்முரத்தில் எங்கள் கயிற்றை இழுப்பது குறைந்தது. பள்ளி திறந்தபோது, கேட்டில் என் கையை விடும் முன் அவன் சொன்னது, "பாட்டிக்குச் சில்லறை பாக்கி இருக்கு, மறந்துடாத."

மற்றவர்களை மொத்தமாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஹாலையே ஒழித்துக் கொடுத்த கொழுந்தனார் குடும்பம், பாயும் போர்வையும் அனுப்பிய கோயில் கமிட்டி, கதவோர பெஞ்சில் அவனுக்கு இடம் போட்ட டீச்சரம்மா, ஒரு காசு வாங்காமல் பேசிய ஆலோசகர், அழுகிற பிள்ளையை யாரும் வேடிக்கை பார்க்காதபடி பார்த்துக்கொண்ட டீக்கடை அண்ணன். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் நேரில் கேட்டுச் சண்டை போடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

மண்டலேயிலிருந்து வந்த நம் குடும்பங்களில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன். பிள்ளையைப் பார்க்க இல்லை, அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க. காலை பத்து மணிக்கு மேல் என்றால் வசதி. அதுவரை தழைக் கட்டுகிற வேலை இருக்கிறது, அப்வா என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்.