டி.என்.ஏ. இரட்டிப்பு: விடையோடு காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தர மாணவருக்கான வினாவிடைப் பக்கங்களில் டி.என்.ஏ. இரட்டிப்பு, அதாவது கலம் தன் டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் செயல், வெறும் நொதியப் பெயர்களின் வரிசையாகச் சுருங்கிவிடுவது, திருகோணமலையில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. புதிதாக உருவாகும் இரு இழைகளுள் ஒன்றான பின்தங்கும் இழை துண்டுதுண்டாக உருவாகிறது என்று எழுதும் மாணவர் பலர் அதன் காரணத்தை அறியார். இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்திருக்க, புதிய இழையைக் கட்டும் டி.என்.ஏ. பொலிமரேஸ் நொதியமோ வளரும் இழையின் 3′ எனப்படும் முனையில் மட்டுமே டி.என்.ஏ.யின் அலகுகளான நியூக்கிளியோடைட்டுகளைச் சேர்க்க வல்லது. ஆகவே ஓர் இழை தொடர்ச்சியாக வளர, மற்றையது ஒகசாகித் துண்டுகள் எனப்படும் சிறு துண்டுகளாக உருவாகிப் பின்னர் லைகேஸ் என்னும் நொதியத்தினால் இணைக்கப்படுகிறது.

1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட இரட்டைச் சுருள் அமைப்பைக் கூறும்போது, ரொசலிண்ட் பிராங்ளினின் எக்ஸ் கதிர்ப் படங்களையும் கூறுவதே நியாயம். அதைவிட முக்கியமாக, 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் பாரமான நைதரசன் 15 கொண்ட ஊடகத்தில் வளர்த்த பற்றீரியாக்களை இலேசான நைதரசன் 14க்கு மாற்றி, முதற் தலைமுறையில் இடைநிலை அடர்த்தியுள்ள டி.என்.ஏ. மட்டுமே இருப்பதையும், இரண்டாம் தலைமுறையில் அதில் பாதி இலேசானதாக இருப்பதையும் கண்டதன் மூலம், ஒவ்வொரு புதிய மூலக்கூறிலும் ஒரு பழைய இழை எஞ்சுகிறது என்பதை நிறுவினர். அந்தப் பரிசோதனையை விளக்கப்படத்துடன் தங்கள் கல்விப் பக்கத்தில் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உயிரியல் ஆசிரியை,
திருகோணமலை