விட்ட மீனும் கணக்கில் வரும்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மன் பிடிக்கும் தமிழ் நண்பர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். வான்கூவர், சரே, நனைமோ, விக்டோரியா என்று எங்கே குடியிருந்தாலும், விடுமுறை கிடைத்தால் படகை இறக்கி சால்மனுக்குத் தூண்டில் போடுகிற உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்களோடு அதே கடலில் நிற்கிறவன்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சால்மனில் ஒரு வகையான சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை இருக்கிற மாதங்களில், "பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோமே, அதில் என்ன?" என்று சினூக்கைத் தேடிப் போவதை நிறுத்துவோம். மற்ற மாதங்களில், திருப்பி விடவேண்டிய மீன் எதையும் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் விடுவோம்.

தடை நாட்களில் சினூக்கைப் பிடித்து விடுவதைச் சட்டம் எல்லா இடத்திலும் தடுப்பதில்லை. சில பகுதிகளில் சால்மனுக்குத் தூண்டிலே போடக்கூடாது என்று முழுதாக மூடுகிறார்கள். வேறு பகுதிகளில் பிடிக்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் நம்மில் பலர் போய்வருகிறோம். படகு நிறையப் படம், ஒரு மீனையும் கொல்லவில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் பேச விரும்புகிறேன்.

விட்ட சால்மன் பெரும்பாலும் வாலை அடித்துக்கொண்டு விர்ரென்று கீழே போய்விடும். நாமும் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆழத்தில் பாறையோரம் வாழ்கிற ராக்ஃபிஷ் என்றால் உண்மை உடனே தெரிந்துவிடும். ஆழத்திலிருந்து மேலே வந்ததும் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, நீர்மட்டத்தில் மிதக்கும். அதைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கும் கருவியைப் படகில் வைத்திருக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. சால்மனின் காற்றுப்பை உணவுக்குழலோடு சேர்ந்திருப்பதால், அது காற்றை வாய்வழியே வெளியே தள்ளிவிடும். அதனால் எந்த ஆழத்திலிருந்து வந்தாலும் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அதற்குப் பட்ட அடியெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் அடி செவுளில். கொக்கி உதட்டில் மாட்டினால் பெரிதாக ஒன்றுமில்லை. செவுள் வளைவில் மாட்டி ரத்தம் வந்துவிட்டால், அந்த மீன் நீந்திப் போனாலும் தப்புவது கஷ்டம். இரண்டாவது, களைப்பு. மெல்லிய தூண்டிலில் நீண்ட நேரம் இழுத்து விளையாடிய மீனின் தசையில் அமிலம் சேர்ந்திருக்கும். மூச்சுவாங்கவேண்டிய அந்த நிமிடத்தில்தான் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் படத்துக்குப் பிடிக்கிறோம். ஓடி முடித்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துகிற மாதிரி. கோடையில் மேல்மட்டத் தண்ணீர் சூடாகிவிட்டால் அதில் ஆக்ஸிஜனும் குறைவு, மீன் தேறுவதும் தாமதம். அப்படித் தடுமாறுகிற மீனுக்காகப் படகின் பக்கத்திலேயே கடல்நாய்கள் காத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது, செதில். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. முடிச்சு போட்ட பழைய நைலான் கைவலையில் ஒரு சின்ன சினூக்கை அள்ளியபின் வலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணிக்குக் கண்ணி வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். கையைப் பாருங்கள், உள்ளங்கையில் மினுமினுப்பும் வழுவழுப்பும் இருக்கும். கடலில் இருக்கும் இளம் சால்மனின் செதில் அவ்வளவு லேசாக உதிரும். அந்தச் செதிலும் வழுவழுப்பும்தான் அதன் தோலைக் காப்பவை. கடல்நீர் மீனின் ரத்தத்தைவிட உப்புக் கூடியது. தோல் காயப்பட்டால் உடம்புத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், உப்பு உள்ளே ஏறும், நோய்க்கிருமிக்கும் வழி கிடைக்கும். இப்படிப்பட்ட மீன் சாவதை யாரும் பார்ப்பதில்லை. நாம் அடுத்த இரையை இறக்கிக்கொண்டிருக்கும்போதோ, இரண்டு நாள் கழித்தோ அது நடக்கும்.

ஷேக்கர் என்று நாம் அலுத்துக்கொள்கிற அளவு குறைந்த சினூக் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஜார்ஜியா நீரிணையில் 62 சென்டிமீட்டருக்குக் குறைந்த சினூக்கை விடவேண்டும். அவை இன்னும் ஒன்றிரண்டு வருடமாவது கடலில் வளர்ந்து, அப்புறம் ஆற்றுக்குப் போகவேண்டிய மீன்கள். இறக்கும்போதெல்லாம் ஷேக்கர் மட்டும் ஏறுகிற இடத்தில் பெரியதை எதிர்பார்த்து மணிக்கணக்காகச் சுற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆழத்தை மாற்றுங்கள், இன்னும் பெரிய ஸ்பூன் (கரண்டி வடிவப் போலி இரை) போடுங்கள், அதற்கும் அவையே வந்தால் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். வைத்துக்கொள்ளத் தகுந்த மீன் கிடைத்தும், இதைவிடப் பெரியது வரும் என்று ஒவ்வொன்றாக விடுவதும் இதே வகைதான். வைத்துக்கொள்ளலாம் என்றால் முதல் நல்ல மீனை எடுத்து, உடனே உரிமத்தில் பதிந்துவிட்டு, சந்தோஷமாகக் கரைக்குத் திரும்பலாமே.

ஏன் சினூக்கைப் பற்றி மட்டும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சினூக் முட்டையிடத் திரும்புகிற ஃப்ரேசர் ஆற்றின் நிலைமை அப்படி. கனடாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களை மதிப்பிடும் கொசெவிக் குழு 2018-இல் ஃப்ரேசரின் 13 சினூக் கூட்டங்களைப் பார்த்தது. அவற்றில் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடியதாக இருந்தது தெற்குத் தாம்சன் ஆற்றைச் சேர்ந்த ஒன்றுதான். அதற்கு மறுவருடம் லிலுவெட்டுக்கு வடக்கே பிக் பார் பாறைச்சரிவு தெரியவந்தது. ஆற்றின் குறுக்கே பாறை விழுந்து ஒரு அருவியே உண்டாகிவிட்டதால், மேலே போக முடியாத மீன்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் விட்டார்கள். 2024 கோடையில் சில்கோட்டின் ஆற்றை இன்னொரு சரிவு அடைத்து, சில நாளில் உடைத்துக்கொண்டு ஓடியது. அதுவும் ஃப்ரேசரில் சேருகிற ஆறுதான்.

ஹுவான் டி ஃபூகா நீரிணையிலோ ஜார்ஜியா நீரிணையிலோ நம் கொக்கியில் ஏறுகிற சினூக் எந்த ஆற்று மீன் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. அமெரிக்கப் பக்கம் பொரிப்பகத்தில் (மீன்குஞ்சு பொரித்து வளர்க்கும் இடத்தில்) பிறந்ததாக இருக்கலாம், தெற்குத் தாம்சன் மீனாக இருக்கலாம், அல்லது சில நூறு மட்டுமே திரும்பி வருகிற ஒரு மலை ஓடையைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே தண்ணீரில் கலந்துதான் வருகின்றன. 2019 ஏப்ரலில் மீன்வளத் துறை போட்ட கட்டுப்பாடுகள் எல்லோர் தலையிலும் விழுந்ததற்குக் காரணம் இதுதான். வருடத்துக்கு 30 என்று இருந்த சினூக் வரம்பு 10 ஆனது. தெற்குக் கடலோரத்தின் பெரும்பகுதியில் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் சினூக்கை வைத்துக்கொள்வது நின்றது. ஃப்ரேசரின் மேல்பகுதிகளுக்குப் போகிற மீன்கள் நம் கரையைக் கடக்கிற காலம் அது. அவை கடந்துபோகட்டும் என்றுதான் அந்த மாதங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அதே மாதங்களில் அதே வழியில் போய் நின்றுகொண்டு, கொக்கியில் மாட்டி, இழுத்து, படம் எடுத்து விடுவதை நான் எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இதற்கு வருகிற பதிலும் எனக்குத் தெரியும். காட்டை வெட்டுகிறார்கள், ஆறு சூடாகிறது, கடல்நாய் தின்கிறது, வணிகப் படகுகள் வாரிக்கொண்டு போகின்றன, நாம் தூண்டிலில் எடுப்பது எம்மாத்திரம் என்பார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை. ஆறுகளுக்கு நேர்ந்த கேட்டுக்கு நம் தூண்டில் காரணமில்லை, அதைச் சரிசெய்யச் சொல்லி அரசிடம் கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் வணிகப் படகைக் காட்டுகிற பேச்சு சினூக் விஷயத்தில் எடுபடாது. 1999-இல் வந்த சால்மன் ஒதுக்கீட்டுக் கொள்கைப்படி, மீன்காப்புக்கும் முதற்குடி மக்களின் உரிமைக்கும் அடுத்தபடியாக, சினூக்கிலும் இன்னொரு சால்மன் வகையான கோஹோவிலும் முன்னுரிமை பொழுதுபோக்காகப் பிடிக்கிற நமக்குத்தான். வணிகத்துக்கு முன்னால் நம்மை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியிருக்க, இந்த மீன்கள் குறையும்போது முதலில் பதில் சொல்லவேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம்.

முதற்குடி மக்களைப் பற்றி நம் படகுகளில் சிலசமயம் கேட்கிற பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. "நமக்குத் தடை, அவர்களுக்கு மட்டும் வலையா?" என்கிறார்கள். மஸ்க்வியம் மக்களைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோவின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1990-லேயே இதைத் தீர்த்து வைத்தது. மீனைக் காப்பது முதலில், அதற்கு அடுத்தது உணவுக்கும் சடங்குக்கும் அவர்கள் பிடிப்பது. மற்ற எல்லோரும் அதற்குப் பின்னால்தான். ஃப்ரேசரின் மேற்பகுதிச் சமூகங்கள் பல, மீன் வராததால் தாங்களாகவே வலையை மடித்து வைத்த வருடங்கள் உண்டு. சாப்பாட்டுக்காகப் பிடிக்கிறவர்களே கை கட்டி நிற்கிற வருடத்தில், நாம் விளையாட்டுக்குப் பிடித்து விடுகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சினூக்கை நம்பி வாழ்கிற தென்கூட்டத்து ஓர்க்காக்கள் (கொலையாளித் திமிங்கிலங்கள்) எண்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கும் இந்த மீன்தான் சாப்பாடு.

இப்போது, விடத்தான் வேண்டும் என்று வருகிற மீனைப் பற்றி. தடையில்லாத மாதங்களிலும் விடுகிற மீன் நிறைய இருக்கும். ஷேக்கர் வரும், இயற்கையில் பிறந்த கோஹோவும் வரும். கோஹோவில் பெரும்பாலான இடங்களில், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் சின்னச் சதைத் துடுப்பு வெட்டப்பட்ட பொரிப்பக மீனை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். வெட்டியிருக்கிறதா என்று பார்க்க மீனைப் படகுக்குள் எடுக்கவே தேவையில்லை. பக்கவாட்டில் கொண்டுவந்து, தண்ணீரில் கிடக்கும்போதே முதுகைப் பார்த்தால் தெரியும். எந்த மீன் என்று சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள். சினூக்குக்கு ஈறு கறுப்பு, கோஹோவுக்குப் பல் முளைக்கிற இடம் வெளுத்திருக்கும்.

கொக்கியை எடுக்க ஒரு எளிய கருவி போதும். கைப்பிடி, அதன் நுனியில் வளைந்த ஒரு கம்பி, அவ்வளவுதான். இடது கையில் தூண்டில் நரம்பை இறுக்கிப் பிடியுங்கள். கம்பி வளைவை நரம்பில் மாட்டி, கொக்கியின் வளைவு வரை வழுக்கி இறக்குங்கள். பிறகு நரம்புக் கையைத் தாழ்த்தி, கருவிக் கையை உயர்த்துங்கள். கொக்கி தலைகீழாகத் திரும்பும், மீன் தன் எடையிலேயே கழன்று தண்ணீரில் விழும். நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை நசுக்கிய கொக்கிதான் இதற்குச் சரிவரும். சால்மனுக்கு அது சட்டமும்கூட. ஆனால் இடுக்கியால் அரைகுறையாக நசுக்கிவிட்டுக் கடலுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால்தான் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். வைத்துக்கொள்வது என்று முடிவான மீனுக்கு மட்டும் வலையை எடுங்கள், அதுவும் முடிச்சில்லாத ரப்பர் வலையாக இருந்தால் நல்லது. படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கிய மீனை அப்புறம் விடுவதில் பொருளில்லை.

அப்புறம், கணக்கு. கரையில் மீன்வளத் துறைக்காக வந்து கேட்கிறவர்கள், எத்தனை பிடித்தீர்கள் என்பதோடு எத்தனை விட்டீர்கள் என்றும் கேட்பார்கள். விட்டதில் ஒரு பங்கு செத்திருக்கும் என்று வைத்துத்தான் துறையும் கணக்குப் போடுகிறது. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? உண்மையைச் சொன்னால் அடுத்த வருடம் இன்னும் மூடிவிடுவார்கள் என்று பயந்து, விட்டதைக் குறைத்துச் சொல்கிற பழக்கம் இருக்கிறது. ஐரெக் என்ற, துறையின் இணையவழிக் கணக்கெடுப்புக்கு உங்கள் பெயர் வந்தால், அந்த மாதம் கடலுக்கே போகாவிட்டாலும் பதில் அனுப்பவேண்டும், அது உரிமத்தின் நிபந்தனை. தப்பான கணக்கு கொடுத்தால் அந்த ஆற்று மீன் எவ்வளவு மிஞ்சியது என்பது யாருக்குமே தெரியாமல் போகும். அப்போது துறை பயந்து எல்லாவற்றையும் மூடும், அல்லது பயப்படாமல் எல்லாவற்றையும் திறந்துவிடும். இரண்டுமே நமக்குக் கெடுதல்.

விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறும். பகுதிக்குப் பகுதி வேறாக இருக்கும். ஆங்கில அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிற பெரியவர்களும் புதிதாக வந்தவர்களும் நம்மோடு படகில் ஏறுகிறார்கள். புறப்படுகிற காலையில் அன்றைய அறிவிப்பைப் படித்து, எந்தப் பகுதியில் எந்த மீன், எத்தனை, என்ன அளவு என்று அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். படகுக்காரரைக் கூலிக்கு அமர்த்திப் போகிறவர்கள், தடை மாதத்தில் சினூக்கைப் பிடித்து விடுகிற பயணம் வேண்டாம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கேட்பவர் இல்லையென்றால் அவர்களும் வேறு மீனுக்குப் போவார்கள்.

குடும்ப மீன்பிடி நாள் நடத்துகிற சங்கத்தாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பிடித்து விட்ட மீனின் படத்துக்குப் பரிசு தராதீர்கள். அந்தப் படத்துக்காகவே மீன் அரை நிமிடம் கூடுதலாகக் காற்றில் தொங்கும். நாளையும் மாற்றி வையுங்கள். ஒற்றைப்படை வருடமென்றால் ஃபரி கிரீக் கரையில் பிங்க் சால்மன் வரும் நாட்கள் இருக்கின்றன, கேப்பிலானோ பொரிப்பகத்துக் கோஹோ ஆம்பிள்சைடு கரையோரம் வருகிற நாட்களும் இருக்கின்றன. அறிவிப்பில் அந்த இடம் திறந்திருந்தால், பிள்ளைகள் படகில்லாமல் கரையிலிருந்தே தூண்டில் போடலாம். சினூக் தடை இருக்கிற மாதத்தில் நண்டுக் கூண்டு போடலாம், அதற்கும் அந்தப் பகுதி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்துக்கு நாள் குறிக்கிற முன்னால் உங்கள் படகில் ஏறுகிறவர்களோடு இதை ஒரு தடவை பேசிப் பாருங்கள். எனக்கு மாற்றுக் கருத்து சொல்ல நினைத்தாலும் எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்களோடு அதே கடலில் தூண்டில் போடுகிற ஒருவன்