மெல்லிய மஞ்சள் கோடு

சட்பரி, சஃபோக், இங்கிலாந்து
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. "தெரியாத நாட்டில், கார் பறக்கிற ரோட்டில், உனக்குச் சைக்கிள் எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். நான் ஓட்டுகிற சாலை எப்படிப்பட்டது என்று இதுவரை உங்களுக்கு எழுதவே இல்லை. கவலைப்படாமல் எப்படி இருப்பீர்கள்? இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

சைக்கிள் வாங்கின முதல் வாரம் நானும் பயந்துதான் போனேன். ஃபோன் காட்டிய வழியில் போய் பெரிய சாலையில் ஏறிவிட்டேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். பாதியிலேயே இறங்கி, புல் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் உள்ளே போய், மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர், இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார். சிவப்புக் கோடு பக்கமே போகாதே, மெல்லிய மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொள் என்றார்.

அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1791-இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசாங்க நிறுவனம் போடுவது. எங்கள் பகுதிக்கு 155-ஆம் எண் தாள். நிலத்தில் ஒரு கிலோமீட்டர், தாளில் 2 சென்டிமீட்டர். பெரிய சாலை சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு, சின்னச் சாலையெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளிலும் இரண்டு வகை உண்டு. 4 மீட்டருக்கு மேல் அகலமானது கொஞ்சம் தடித்த கோடு, அதைவிடக் குறுகியது மெல்லிய கோடு. ஏற்றம் கடுமையாக இருக்கும் இடத்தில் கோட்டின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள். 14 சதவீதம் தாண்டினால் ஒரு அம்பு, 20 தாண்டினால் இரண்டு. தேவாலயத்துக்குக்கூடத் தனித்தனிக் குறி: சதுரத்தின் மேல் சிலுவை என்றால் சாதாரணக் கோபுரம், வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூர்நுனிக் கோபுரம். வயலுக்கு அப்பால் மரங்களுக்கு மேலே தலை நீட்டுவது எந்த ஊர் என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். எத்தனையோ தடவை அதுதான் எனக்கு வழி காட்டியிருக்கிறது.

மஞ்சள் கோடு எல்லாமே அமைதியானது என்று நினைத்துவிடக் கூடாது. இதை நானாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பெரிய ஊர்களை நேராக இணைக்கிற மஞ்சள் கோட்டில் காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிறவர்கள் குறுக்குவழியாகப் பறப்பார்கள். வளைந்து, மடங்கி, நாலு பண்ணையைச் சுற்றிக்கொண்டு, எந்த ஊருக்கும் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்காத கோடுதான் நமக்கு வேண்டியது. அவசரமாகப் போகிறவன் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டான். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை இரவு தாளை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட கோடுகளைத் தேடிப் பென்சிலால் இணைப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நான் அடிக்கடி போகிற சுற்று ஒன்று இருக்கிறது. சட்பரியில் புறப்பட்டு ஆக்டன், லாவெனம், பிரஸ்டன், கெட்டில்பாஸ்டன், செல்ஸ்வொர்த், லிண்ட்சி, கெர்சி, பாக்ஸ்ஃபோர்ட், க்ராட்டன் என்று போய் வீடு திரும்பினால் சுமார் 45 கிலோமீட்டர். சஃபோக் மாவட்டத்தின் மிக உயரமான இடமே 128 மீட்டர்தான், அதனால் மலை ஏறும் வேலை கிடையாது. சின்னச் சின்ன மேடும் இறக்கமும் மாறி மாறி வரும். தென்மேற்குக் காற்றுதான் இங்கே அதிகம், திரும்பும்போது அது முகத்தில் அடிக்கும். கடைசிப் பத்து கிலோமீட்டருக்குக் காலில் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

லாவெனம் ஒரு காலத்தில் ஜவுளி ஊர். நீலச் சாயம் ஏற்றிய கம்பளித் துணிக்குப் பேர்போனது. 1524-இல் இங்கிலாந்திலேயே பணக்கார ஊர்களில் 14-ஆவது இடத்தில் இருந்ததாம். தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரியும் ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவும் பணம் கொடுத்துக் கட்டிய தேவாலயக் கோபுரம் 43 மீட்டர் உயரம். அப்புறம் தொழில் படுத்துவிட்டது. கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய துணியை மலிவாக நெய்து கொடுக்க, கனமான நீலத் துணியை வாங்க ஆள் இல்லை. பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்ட யார் கையிலும் காசில்லாமல் போனது. அதனால்தான் ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய மரச்சட்ட வீடுகள் தெருத் தெருவாக அப்படியே நிற்கின்றன. ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அது காயக் காய முறுக்கிக்கொண்டதில் ஒரு வீடு முன்னால் குனிந்திருக்கும், ஒன்று பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்திருக்கும். ஜன்னல்கூட ஒன்றும் நேராக இல்லை.

சாலைகளும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. துணி மூட்டை ஏற்றிய வண்டியும் ஆட்டு மந்தையும் போன தடம். பணம் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்திருந்தால் அகலப்படுத்தி, வளைவை நிமிர்த்தி, நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அது நின்றுபோனதால் சாலையும் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது. அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுபவிக்கிறேன்.

கெட்டில்பாஸ்டன் போகும் சந்தில் மே மாதம் ஒரு நாள் ஒரு மணி நேரத்தில் இரண்டே இரண்டு கார்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி, முழுக்க வெள்ளைப் பூ. அந்தப் பக்கத்து வயலுக்கு மேலே வானம்பாடி நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தது. என் செயின் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்பா, இங்கே வந்ததிலிருந்து "நல்லா இருக்கியா?" என்று யார் கேட்டாலும் வாய் தானாக ஆமாம் என்று சொல்லிவிடும். அன்றைக்கு யாரும் கேட்காமலேயே நான் நன்றாக இருந்தேன்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். ஊரைத் தாண்டியதும் வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை நிற்கும். மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று அதற்கு அர்த்தம், ஒரு வண்டி மட்டுமே போகிற சந்துக்கும் அதே கணக்கு! முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வளைவும் வேலியும் அந்த வேகத்துக்கு இடம் கொடுப்பதில்லை. சில சந்துகளில் 'குவயட் லேன்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி, நடக்கிறவர்களும் சைக்கிளும் குதிரையும் கார்களோடு பகிர்ந்துகொள்கிற பாதை. அந்தப் பலகையை மட்டும் நம்பி நான் ஓட்டுவதில்லை, அதனால் வேக வரம்பு மாறிவிடாது. 2022-இல் திருத்திய சாலை விதிப்படி, 30 மைல் வேகம் வரை வருகிற கார் சைக்கிளுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் முந்த வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். அமைதியான சாலையில் ஓரத்தில் ஒண்டாமல் நம் தடத்தின் நடுவாக ஓட்டச் சொல்வதும் அதே விதிதான். வளைவில் அப்படி ஓட்டினால் எதிரே வருகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். டிராக்டர் சத்தம் கேட்டால் வயல் வாசலில் ஒதுங்கி நிற்பேன். குதிரை முன்னால் போனால் தூரத்திலேயே குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கமாகத் தள்ளிப் போவேன். குதிரைக்கு இடப்பக்கமாகப் போகக் கூடாது. காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. வேலி மறைக்கிற இடத்தில் காதுதான் கண்.

போன மாதம் ஒரு சங்கதி நடந்தது. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல் வேலிகளை வெட்டக் கூடாது, பறவை கூடு கட்டும் காலம் என்று சட்டம். செப்டம்பர் பிறந்ததும் இயந்திரத்தை ஓட்டி வேலியைக் கத்தரித்துத் தள்ளுவார்கள், சந்து முழுக்க முள் சிதறிக் கிடக்கும். லிண்ட்சியில் கூரை வேய்ந்த பழைய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 1547-க்குப் பிறகு 1930 வரை அதைக் களஞ்சியமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கெர்சிக்கு இறங்கும்போது பின்சக்கரம் தளதளவென்று ஆடியது. பஞ்சர்.

கெர்சியில் பிரதான தெருவுக்குக் குறுக்கே ஓடை ஓடுகிறது. பாலம் நடப்பவர்களுக்கு மட்டும்தான், வண்டியெல்லாம் தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். அதன் ஓரத்தில் உட்கார்ந்து ட்யூபைக் கழற்றினேன். லேசாகக் காற்றடித்து, ஓட்டம் இல்லாத மூலையில் தண்ணீருக்குள் அழுத்தி, கை மாற்றி மாற்றி நகர்த்தினேன். வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி, கடுகு அளவில் குமிழி வரிசையாக மேலே வந்தது. அப்புறம் எல்லாமே நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான். துடைத்தேன், உப்புத்தாளால் தேய்த்தேன், சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு ஒட்டு வைத்தேன். "ட்யூபைப் போடுவதற்கு முன்னால் டயருக்குள் விரலை ஓட்டிப் பார்" என்று சொல்வீர்களே, ஓட்டிப் பார்த்தேன். கறுப்பாக, நகக்கண் அளவு முள், இன்னும் உள்ளே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. பார்க்காமல் போட்டிருந்தால் அடுத்த மேட்டில் மறுபடியும் உட்கார்ந்திருப்பேன். அந்த முள்ளை ஒரு காகிதத்தில் மடித்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கையில் குத்திவிடப் போகிறது.

க்ராட்டன் மிகச் சின்ன ஊர். இந்த ஊரில் வாழ்ந்த ஜான் விந்த்ரோப் என்பவர் 1630-இல் கப்பலேறி அமெரிக்கா போனார், பாஸ்டன் நகரத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர். மனைவி மார்கரெட் அடுத்த வருடம்தான் போய்ச் சேர்ந்தார். இடையில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்து மதிலில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், உங்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். அப்புறம் நாலரை மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவேன். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் பொருத்திவிட்டேன், அம்மாவிடமும் சொல்லுங்கள்.

மே மாதம் நீங்கள் இருவரும் வருவதாக இருந்தால் எனக்கு ஒரு அளவு வேண்டும். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடிப் புத்தகத்தை மேலே முட்டும்வரை ஏற்றி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அம்மாவை அளக்கச் சொல்லுங்கள். அதை எழுதி அனுப்பினால், உங்களுக்குச் சரியான உயரத்தில் ஒரு பழைய சைக்கிள் இப்போதிருந்தே பார்த்து வைக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்