சாய்ந்தே பிறந்த என்ஜின்

அன்புள்ள கணேசா,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. கண் புரை அறுவை முடிந்து, எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் போட்டிருந்த தடை இப்போதுதான் நீங்கியது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். பார்வை இப்போது நன்றாகத் தெளிந்திருக்கிறது. உன் போட்டோவில் பானெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு நட்டும் தெரிகிறது. ஓய்வு பெற்ற கையோடு இப்படிப் பழைய கார் வாங்கியதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் அவசரமான விஷயம். என்ஜின் ஒரு பக்கமாக முப்பது டிகிரி சாய்ந்திருக்கிறது, மவுண்டிங் (என்ஜினைத் தாங்கும் ரப்பர் தாங்கி) அமுங்கிவிட்டது, இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஒரு பக்கம் தேய்ந்துவிடும், இறக்கி நேராக வைக்க வேண்டும் என்று உன் மெக்கானிக் சொன்னாராமே. அவரைத் தடுத்துவிடு. உன் என்ஜின் சாயவில்லை. சாய்த்தே வடிவமைத்திருக்கிறார்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். காரை மேலே தூக்கி அடியில் பார். சிலிண்டர் பிளாக் சாய்ந்திருக்கும், ஆனால் ஆயில் சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடித்தட்டு தரைக்கு இணையாக மட்டமாக இருக்கும். மவுண்டிங் உட்கார்ந்து என்ஜின் சரிந்திருந்தால் சம்ப்பும் கூடவே சரிந்திருக்கும். இரண்டு பக்கத்து மவுண்டிங் தாங்கிகளும் ஒரே வடிவத்தில் இருக்காது என்பதையும் கவனி. அது தொழிற்சாலையிலேயே அப்படி வார்த்தது. ரப்பர் கெட்டுப்போன மவுண்டிங்கால் என்ஜின் சில மில்லிமீட்டர் இறங்கும், ஐடிலிங்கில் உதறும், கிளட்ச் விடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். முப்பது டிகிரி சரிய வாய்ப்பே இல்லை. அதற்குள் ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்திருக்கும்!

அடுத்து பிஸ்டன் தேய்மானம். இந்தப் பயம் பலருக்கும் உண்டு. கேட்கும்போது நியாயமாகவும் தோன்றும், கணக்குப் போட்டால்தான் கரையும். உன் காரில் இருப்பது போன்ற ஒரு பிஸ்டன் சுமார் அரை கிலோ இருக்கும். 30 டிகிரி சாய்வில் அதன் எடையில் பாதி, அதாவது கால் கிலோ, சிலிண்டர் சுவரின் மேல் விழும். இப்போது மற்ற விசைகளைப் பார். 86 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் தலையில் எரியும் வாயு 60 பார் (காற்றழுத்தத்தைப் போல சுமார் 60 மடங்கு) அழுத்தத்தில் மோதினால் அது மூன்றரை டன். பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்கும் கணத்தில் இதில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பிப் பிஸ்டனைச் சுவரோடு அழுத்துகிறது. அது 200, 300 கிலோ வரை போகும், என்ஜின் நேராக நின்றாலும் சாய்ந்து நின்றாலும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும்போது அதன் எடையைப் போல 2000 மடங்குக்கு மேல் விசை பிறக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அந்தக் கால் கிலோவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போர்ஷே, சுபாரு கார்களில் சிலிண்டர்கள் முழுக்கப் படுத்தே கிடக்கின்றன. அவை எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன என்பது ஊரறிந்தது.

சரி, எதற்காகச் சாய்க்கிறார்கள்? யாரைக் கேட்டாலும் 'பானெட் உயரத்தைக் குறைக்க' என்பார்கள். நானும் வெகுகாலம் வகுப்பில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய்யும் அல்ல. ஆனால் ஒரு தாளை எடுத்து வரைந்து பார். கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து வால்வு கவர் (என்ஜினின் மேல்மூடி) உச்சி வரை 50 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள். 30 டிகிரி சாய்த்தால் நடுக்கோட்டின் உயரம் 43 ஆகக் குறைகிறது. அடடா, ஏழு செ.மீ. மிச்சம் என்று தோன்றும். ஆனால் சாய்த்ததும் தலையின் ஒரு மூலை மேலே கிளம்புகிறதே, அதன் உயரம் 48க்கு மேல்! கைக்கு வந்தது இரண்டு செ.மீ. கூட இல்லை. 45 டிகிரி சாய்த்தால்தான் ஏழு எட்டு செ.மீ. உருப்படியாகத் தேறும்.

அப்படியென்றால் 30 டிகிரியோடு நிறுத்திய இத்தனை பேரும் எதைச் சம்பாதித்தார்கள்? என் கணிப்பு இது: அவர்கள் வாங்கியது உயரத்தைவிட அதிகமாகப் பக்கத்து இடத்தை. நேராக நிற்கும் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம், எதற்கும் போதாத இடம். அதை ஒரு பக்கம் சாய்த்தால் மறுபக்கம் திறந்துகொள்கிறது. அங்கே சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் இன்டேக் குழாய்களை நீளமாக, தாராளமாக வளைத்து ஓட்டலாம். முன்பு தலைக்கு மேல் எட்டி நின்ற, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பக்கவாட்டில் இறக்கி உட்கார வைக்கலாம். பானெட்டை உண்மையில் முட்டிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் இவைதான்.

இதற்கு நல்ல சாட்சி கிரைஸ்லரின் 'ஸ்லான்ட் சிக்ஸ்'. 1960 மாடல் வேலியன்ட் காரோடு வந்தது. ஆறு சிலிண்டர், வலப்பக்கம் 30 டிகிரி சாய்வு. அதன் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது இன்டேக் குழாய்த் தொகுதியை, படத்தில் பார்த்தால் உனக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீண்ட குழாய், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். வரிசையாக ஆறு சிலிண்டர் வைத்து நடுவில் ஒரே கார்பரேட்டரை மாட்டினால் ஓரத்துச் சிலிண்டர்கள் பட்டினி கிடக்கும், நடுச் சிலிண்டர்கள் வயிறு முட்டத் தின்னும். அந்தக் காலத்து என்ஜின்களின் தீராத வியாதி அது. சாய்வால் கிடைத்த இடம் அதற்கு மருந்தானது. இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. வழக்கமாக முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாட்டர் பம்பைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துவிட்டார்கள். அதனால் என்ஜினின் நீளமும் குறைந்தது. கார்களில் 1980களின் தொடக்கம் வரை ஓடியது. என் மனதில் அதற்குத் தனி இடம்.

மெர்சிடிஸ் 300 எஸ்.எல். வேறு கதை. 1952-இல் லெ மான் பந்தயத்தை வென்ற வண்டியிலும், 1954-இல் விற்பனைக்கு வந்த, கதவுகள் இறக்கைபோல் மேலே திறக்கும் காரிலும் மூன்று லிட்டர் என்ஜினை இடப்பக்கம் 50 டிகிரி சாய்த்தார்கள். அது ஒரு பெரிய சலூன் காருக்காகப் பிறந்த உயரமான என்ஜின். பந்தயக் காரின் தாழ்ந்த மூக்குக்குள் அதை நேராகத் திணிக்க வழியில்லை. இங்கே உயரம்தான் காரணம், சந்தேகமில்லை. ஆனாலும் 1954 காரின் பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது என்ஜின் அல்ல, காலியான பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வளைந்து கிடக்கும் தடித்த இன்டேக் குழாய்கள்.

சில சாய்வுகளுக்கு இப்படி எந்த நோக்கமும் கிடையாது, பரம்பரைச் சொத்து. 1961 பான்டியாக் டெம்பெஸ்ட்டின் நாலு சிலிண்டர், 'V' வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர் கொண்ட 389 கன அங்குல வி-8 என்ஜினில் பாதி, அவ்வளவுதான். வி-8-இல் ஒவ்வொரு வரிசையும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். ஒரு வரிசையை எடுத்துவிட்டால் மிஞ்சியது 45 டிகிரியில் நிற்கிறது. அதே இயந்திரங்களிலேயே கடைந்து எடுக்கலாம் என்பதுதான் லாபம். 1968-இல் வந்த சாப் 99 காரில் இருந்த டிரையம்ப் நிறுவனத்து என்ஜினுக்கும் இதே ஜாதகம்: வி-8 ஒன்றோடு சேர்த்துத் திட்டமிட்ட 45 டிகிரி நாலு சிலிண்டர். செலவுக் கணக்குப் பார்க்கிறவர்கள் வகுத்த சாய்வு என்று இதைச் சொல்லலாம்.

பக்கவாட்டில் அல்லாமல் பின்னோக்கிய சாய்வும் உண்டு. உன் காரைப் போலப் பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கம் சில டிகிரி தாழ்ந்திருக்கும். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் (மடங்கிச் சுழலும் இணைப்புகள்) கோணங்கள் சமமாக இருந்தால்தான் ஒன்று உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றொன்று சரிக்கட்டும். அதற்காகத்தான் இந்தத் தாழ்வு.

இன்றைய கார்களில் கதை மாறிவிட்டது. குறுக்காக வைத்த என்ஜினைப் பின்பக்கம் சற்றே சாய்க்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் 2012-இல் பல மாடல்களுக்கும் பொதுவான தன் புதிய தளத்தைக் கொண்டுவந்தபோது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே 12 டிகிரி என்று முடிவுசெய்தது. முன்பு அவர்களுடைய சிறிய பெட்ரோல் என்ஜின்கள் முன்பக்கம் சாய்ந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, புகைக்குழாய் பாதை என்று எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடலாம். பானெட்டுக்கும் என்ஜினுக்கும் இடையே கொஞ்சம் வெற்றிடம் விடவேண்டிய கட்டாயமும் இப்போது உண்டு. மோதப்படும் பாதசாரியின் தலை பானெட்டில் விழும்போது தகடு மடங்க இடம் வேண்டும், அடியில் இரும்பு நிற்கக் கூடாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் கதைகள் உண்டு. 1957-இல் ஜார்ஜ் சாலி என்பவர் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்காக ஆஃபன்ஹவுசர் என்ற பந்தய என்ஜினை ஏறக்குறைய படுக்கவைத்து ஒரு வண்டி கட்டினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே வண்டி வென்றது. 1986-இல் பிரபாம் என்ற ஃபார்முலா 1 பந்தய அணிக்காக கார்டன் மர்ரே என்ற வடிவமைப்பாளர் பி.எம்.டபிள்யூ. டர்போ என்ஜினை 72 டிகிரி சாய்த்தார். வண்டி அவ்வளவு தாழ்வு, ஓட்டுநரும் படுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஆனால் ஆயில் வடிய மறுத்தது. தேங்கிய ஆயிலை உறிஞ்சி வெளியேற்ற முடியாமல் என்ஜின் திணறியது. சீசன் முழுவதும் கிடைத்தது இரண்டே புள்ளி. படுத்த என்ஜினை எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஆயில்தான் கடைசித் தீர்ப்புச் சொல்கிறது.

அந்த ஆயில் உன் காரிலும் வேலையைக் காட்டும். சாய்ந்த தலையில் ஆயில் தாழ்ந்த ஓரத்தில்தான் சேரும், வடியும் துளைகளும் அங்கேதான் இருக்கும். வால்வு கவர் கேஸ்கட் (மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பட்டை) கெட்டால் முதலில் கசிவதும் அந்த ஓரம். உன் மூன்றாவது போட்டோவில் கீழ்விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது, மண்ணும் ஆயிலும் சேர்ந்து உறைந்தது போல. அது புகைக்குழாய் மேல் சொட்ட ஆரம்பித்தால் சிக்னலில் நிற்கும்போது காருக்குள் கருகல் வாடை வரும். மெக்கானிக்குக் கை துறுதுறுவென்றிருந்தால் அந்த கேஸ்கட்டை மாற்றச் சொல். தாழ்ந்த பக்கத்து போல்ட்டுகளுக்குச் சின்ன சாக்கெட்டும் நிறையப் பொறுமையும் வேண்டும். கூலன்ட் மாற்றினால் காற்று மேல்மூலையில் சிக்கிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவை. காற்றை முழுதாக வெளியேற்றாமல் அனுப்பிவிட்டால் அடுத்த ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறும்.

இங்கே மற்றபடி எல்லோரும் நலம். மகள் வேலையை விட்டுவிட்டு மேற்படிப்புக்குப் போகிறாள். நானும் அவள் அம்மாவும் ஆளுக்கொரு கருத்து சொல்லி ஓய்ந்துவிட்டோம். உன் தங்கைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன், நீ கார் ஜோரில் அதை விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
சிவராமன்