குவாமுக்குக் குடிபெயர்ந்ததால் பறிபோன வாக்கு: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பசிபிக் கடலில், மாநிலமாக இல்லாமல் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டிருப்பதால் அதிபர் தேர்தலில் வாக்கில்லாத குவாம் தீவின் நிலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1950இல் இத்தீவினருக்குக் குடியுரிமை வழங்கியதும், 1972இல் அவையில் வாக்களிக்க முடியாத ஒரு பிரதிநிதியை இவர்களுக்கு அளித்ததும் நீங்கள் இயற்றிய சட்டங்களே. ஆகவே 2024 நவம்பர் 5ஆம் தேதி பொதுத்தேர்தலன்று கண்டதை மட்டும் சொல்கிறேன்.

குவாமில் நான் வாழும் ஊரான டெடெடோவில் வாக்களிக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால், வியட்நாம் போர்வீரர்களுக்கான தொப்பியணிந்த, தீவின் பூர்வகுடியான சமோரோ இனத்து முதியவர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் போலவே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்தவர், எனக்கும் ஒன்றை நீட்டினார். உள்ளே சென்று, தீவின் சட்டமன்றத்துக்கான 15 செனட்டர்களைத் தேர்ந்தெடுத்த பின், அதிபர் வேட்பாளர்களின் பெயர்களுக்கு வந்தேன். ஒருவருக்கு நேரே வட்டத்தைக் கவனமாக நிரப்பினேன். 1980 முதல் நடந்துவரும் இந்த மாதிரி வாக்கெடுப்பு எண்ணப்படும், அறிவிக்கப்படும், ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் கணக்கிலும் சேராது. வெளியே வந்த முதியவர், தாம் யாருடைய ஆணைக்கு உட்பட்டுப் போருக்குப் போனாரோ அந்தப் பதவிக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை என்று, மழையைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

என் கதை வேறு. பெருநிலத்து மாநிலமொன்றில் குடியுரிமை பெற்று, இரண்டு அதிபர் தேர்தல்களில் வாக்களித்தவன் நான். வேலை நிமித்தமாக இங்கு வந்ததும் அந்த உரிமை போய்விட்டது. அதே மாநிலத்தில் வாழ்ந்து, ஓய்வுபெற்றுத் திருச்சிக்குத் திரும்பிவிட்ட என் அண்ணனுக்கோ, தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. வெளிநாடுவாழ் குடிமக்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அந்த வசதியைத் தருகிறது. காவிரிக்கரையில் உட்கார்ந்து அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்கக் கொடி பறக்கும் குவாமில் இருந்தால் முடியாது. காரணம், அச்சட்டத்தில் ‘அமெரிக்கா’ என்பதற்குத் தரப்பட்ட வரையறைக்குள் குவாமும் அடங்குவதால், நான் வெளிநாட்டில் வாழ்பவன் ஆகமாட்டேனாம்! வாக்கு என்று வரும்போது எங்களை உள்ளே வைத்து வெளியே நிறுத்தும் இந்த வித்தையை வியக்காமலிருக்க முடியவில்லை.

அந்த வரையறையைத் திருத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், வட மரியானா தீவுகளின் சைப்பான் இருக்கிறது. அதுவும் அமெரிக்க மண்தான். ஆனால் 1986ஆம் ஆண்டு வரையறையில் அதன் பெயர் இல்லாததால், மாநிலத்திலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர் தம் பழைய முகவரியின் பேரில் அதிபருக்கு வாக்களிக்கலாம். ஒரே தீவுக்கூட்டத்தில் இப்படியொரு வேறுபாடு எதற்கு என்று கேட்டு இலினாய் மாநிலத்தில் முன்பு வசித்துக் குவாம் போன்ற தீவுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். கூட்டாட்சிச் சட்டம் யாரையும் தடுக்கவில்லை, விரும்பினால் மாநிலமே இந்த உரிமையைத் தரலாம் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மாநிலத்தைக் கேட்டால் உங்கள் சட்டத்தைக் காட்டுகிறது. நாங்கள் யாரிடம்தான் போவது?

இந்தத் திருத்தம் அந்த முதியவருக்கு உதவாது என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்த மாநிலத்திலும் வசிக்காத அவருக்கு, 1961இல் வாஷிங்டன் நகரத்தாருக்குச் செய்ததுபோல அரசியல் சாசனத்தையே திருத்தியாக வேண்டும். தீவின் நிலத்தில் கால் பங்குக்கு மேல் ராணுவத்துக்கு எடுத்துக்கொள்ளும்போது வராத தயக்கம், வாக்கைத் தரும்போது மட்டும் வருவதேன் என்று கேட்கத் தோன்றுகிறது. அது பெரிய வேலை; உங்கள் காலத்தில் நடக்குமா என்பதை நீங்களே அறிவீர்கள். நான் கேட்பது ஒரு சொல்லுக்கான வரையறையில் சிறு மாற்றம். 2028 நவம்பர் தேர்தலுக்கு 45 நாள் முன்பு, திருச்சிக்குப் போகும் அதே வாக்குச்சீட்டு டெடெடோவுக்கும் வந்துசேர ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குவாமில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்