பார்மட் போட்டதோடு முடியவில்லை, மங்கை

சிம்மக்கல், மதுரை

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை கடையில் குவிந்து கிடக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு முன்னால் ஷட்டரை இறக்க முடிவதில்லை.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த நாலு வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் வேவு பார்க்கும் ஸ்பைவேர் புகுந்துவிட்டது, கடைக்காரப் பையன் வந்து எல்லாவற்றையும் அழித்து பார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டான், இப்போது புதுசு மாதிரி ஓடுகிறது, தொல்லை விட்டது என்று எழுதியிருந்தாய். விடவில்லை மங்கை. அந்தப் பையன் மேல் குறை சொல்லவில்லை, அவன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். ஆனால் அதற்கு முன்னால் நீ செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று அப்படியே நிற்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அதைச் செய்துவிடு.

நாம் பிரௌசிங் சென்டருக்குப் போன காலத்தில் ஸ்பைவேர் என்றால் பிரௌசரின் தலையில் நாலு டூல்பார் வந்து உட்காரும், மூடமூட விளம்பரம் திறக்கும், கம்ப்யூட்டர் நகராது. தொல்லை கண்ணுக்குத் தெரிந்தது, துடைத்தால் போனது. இப்போது வருவது அந்த ஜாதி இல்லை. உள்ளே வந்த சில நிமிஷத்தில் பிரௌசரில் நாம் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டு, கார்டு நம்பர், குக்கீ எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி வெளியே அனுப்பிவிடும். சிலது அனுப்பி முடித்ததும் தன்னைத்தானே அழித்துக்கொண்டும் போய்விடும். லும்மா என்று ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த மே மாதம்தான் அமெரிக்க நீதித்துறை, ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் எல்லாம் சேர்ந்து அதன் இணைய முகவரிகளை முடக்கினார்கள். ஒன்றை முடக்கினால் இன்னொன்று கிளம்புகிறது.

இப்படி வெளியே போனதைப் பார்மட் திரும்பக் கொண்டுவராது. திருடன் சாவிக்கொத்துக்கு நகல் எடுத்துக்கொண்டு போன வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறீர்கள், பூட்டு இன்னும் பழைய பூட்டுத்தான்.

திருநகரில் என் அண்ணி வீட்டில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறார் என்று உனக்குத் தெரியும். காரைக்குடி, தேவகோட்டை கடைகளுக்கெல்லாம் மெயிலிலும் வாட்ஸப்பிலும்தான் ஆர்டர். சேலைப் படங்களைப் பளிச்சென்று ஆக்குவதற்கு அண்ணன் மகன் ஒரு போட்டோ சாஃப்ட்வேரைக் கிராக்கில், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பில், தேடியிருக்கிறான். கிடைத்த வீடியோவில் ‘முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபைல் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின ஜிப். பாஸ்வேர்டு வீடியோவுக்குக் கீழேயே இருக்கிறது. பூட்டின ஜிப்புக்குள் இருப்பதை ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டே. சாஃப்ட்வேர் ஓடவில்லை, பையனும் விட்டுவிட்டான். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடியது, ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து காரைக்குடிக் கடைக்காரர் போன் போட்டு, “அம்மா, புது அக்கவுண்டுக்குப் பணம் போட்டாச்சு, சரக்கு எப்ப வரும்?” என்று கேட்டிருக்கிறார். அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புது அக்கவுண்டே கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலமே போனேன். அண்ணியின் ஜிமெயிலில் செட்டிங்ஸுக்குள் ஃபில்டர் என்ற பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஃபில்டர். அந்தக் கடைக்காரர் முகவரியிலிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸில் காட்டாதே, படித்ததாகக் குறி, நேராகக் குப்பைக்கு அனுப்பு. அவர் சந்தேகப்பட்டு, “என்னம்மா, பாங்கு மாத்திட்டீங்களா?” என்று கேட்டு அனுப்பிய மெயில் குப்பையில் கிடந்தது. அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. பதில் மட்டும் அண்ணி பெயரில் போயிருந்தது, “ஆமாம் சார், இனிமேல் இதில்தான்” என்று. படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இத்தனை வருஷமாக அண்ணி சம்பாதித்த நல்ல பெயர், யாரோ ஒருவன் அதை எடுத்துப் பேசியிருக்கிறான்.

“ஓடிபி எல்லாம் வச்சிருக்கேனே, எப்படி உள்ள வந்தான்?” என்று கேட்டார் அண்ணி. நியாயமான கேள்விதான். ஜிமெயிலுக்குள் ஒருமுறை போய்விட்டால் மறுநாள் அது பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று அடையாளம் சொல்லும் சின்னத் துணுக்கு, குக்கீ, நம் பிரௌசரில் இருக்கிறது. அதை எடுத்துத் தன் பிரௌசரில் வைத்துக்கொண்டால் அவனிடமும் பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபியும் கேட்காது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்ற வேண்டும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

அதனால் உன் போனை எடு. கம்ப்யூட்டர் வேண்டாம், போனிலேயே செய். முதலில் மெயில். மற்ற எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டை மாற்றும் வழி மெயிலுக்குத்தான் வரும், அதனால் அது முதலில். கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குள் ‘யுவர் டிவைசஸ்’ என்று இருக்கும். உனக்குத் தெரியாத கருவி, தெரியாத ஊர் எது இருந்தாலும் சைன் அவுட் கொடு. தெரிந்த கருவிக்கும் கொடு, மறுபடி நுழைந்துகொள்ளலாம். பாஸ்வேர்டை மாற்று, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடு. மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உன்னுடையவைதானா என்று பார். ஃபில்டரையும் ஃபார்வர்டிங்கையும் திறந்து பார்க்க மறக்காதே. இந்த இரண்டையும் கம்ப்யூட்டரில் பிரௌசர் வழியாகத்தான் பார்க்க வரும், பார்மட் போட்ட பிறகு அதில் பார்ப்பதில் தப்பில்லை. அப்புறம் பாங்கு, அதன்பின் வாட்ஸப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’, பிறகு மற்றவை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. நினைவில் நிற்காது என்றால் நோட்டில் எழுதி பீரோவில் வை. எல்லாவற்றுக்கும் பேரன் பெயரையே வைப்பதைவிட அந்த நோட்டு எவ்வளவோ பத்திரம்.

இன்னொன்று. பார்மட் போட்ட கம்ப்யூட்டரில் க்ரோமைத் திறந்து உன் கணக்கில் நுழைந்தாயா? நுழைந்திருந்தால் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர், அந்தப் பட்டியலைப் பார். க்ரோம் பழைய எக்ஸ்டென்ஷன்களைத் தன் கணக்கில் நினைவு வைத்திருந்து, நீ நுழைந்ததும் தானாகவே திரும்ப ஏற்றிக்கொடுக்கும். கெட்டதும் அதோடு சேர்ந்து திரும்பி வரும். அண்ணி கம்ப்யூட்டரில் பிடிஎஃப் மாற்றித் தரும் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று இருந்தது, நீ பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருந்தது. பிடிஎஃப் மாற்றுவதற்கு அது எதற்கு? யார் போட்டது, எதற்கு என்று உனக்கே தெரியாததை எடுத்துவிடு. அப்படியே நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலையும் பார். மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் வைரஸே இல்லை, எப்போதோ ஏதோ தளத்தில் ‘அலோ’ அழுத்தியதன் பலன். பட்டியலிலிருந்து அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பாக வந்து போன் நம்பர் காட்டினால் அது மோசடி, அந்த நம்பருக்குப் போன் போடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதில்லை. எனி டெஸ்க், டீம் வியூவர் என்று நம் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து இயக்க விடும் சாஃப்ட்வேரை ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும் போனை வைத்துவிடு.

அண்ணி கம்ப்யூட்டரை நானும் கடைசியில் பார்மட்தான் போட்டேன். ஆனால் முன்னாடி உள்ளே பார்த்தது உனக்கும் தெரிய வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. இந்த இடத்தைச் சோதிக்காதே என்று டிஃபெண்டரிடம், அதாவது விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸிடம், சொல்லி வைக்கும் இடம். அதில் சி டிரைவ் முழுக்கச் சேர்த்திருந்தது அந்தக் கிராக். டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே இருந்தது, எதையும் பார்க்காமல். அந்த வரியை அழித்துவிட்டு ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுத்தேன். அது கம்ப்யூட்டரை மறுபடி ஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே கால் மணி நேரம் போலச் சோதிக்கும், அதனால் ஒளிந்திருப்பதும் மாட்டும். மாட்டியது. இருந்தாலும் பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் இப்படி ஒன்று புகுந்த பிறகு ஸ்கேனை மட்டும் நம்பி விட எனக்கு மனசில்லை. படங்களையும் பில்களையும் மட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டு, ஓடுகிற ஃபைல் ஒன்றைக்கூட எடுக்காமல், என் கடைக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி பென்டிரைவில் போட்ட விண்டோஸை ஏற்றினேன். உன் வீட்டுக்கு வந்த பையன் எந்த விண்டோஸ் ஏற்றினான் என்று கேள். லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட்டர் போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், ஏனென்றால் அதுவும் ஒரு கிராக்.

இனிமேல் வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கலாமா என்றும். என் அபிப்பிராயம், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். அந்தக் காசுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, கல்யாணப் படங்களையெல்லாம் அதில் நகல் எடுத்து, கழற்றித் தனியாக வை. செருகியே வைத்திருந்தால் வருகிற கேடு அதையும் பிடிக்கும். கிராக் எதுவும் வேண்டாம் என்று உன் வீட்டுக் கார்த்தியிடம் கண்டிப்பாகச் சொல், போட்டோ வேலைக்கு கிம்ப் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. தினப்படி உபயோகத்துக்கு அட்மின் இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் ஒன்று போட்டுக்கொள். எதையாவது ஏற்றும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். நீ எதையும் ஏற்றாத நேரத்தில் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைக் காட்டும்படி வியூவில் டிக் செய்து வை. என் கடைக்கு வரும் பென்டிரைவ்களில் ‘பத்திரிகை.பிடிஎஃப்’ என்று தெரிவது உண்மையில் ‘பத்திரிகை.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ ஆக இருப்பதைப் பார்க்கிறேன்.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதே. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை உலகத்தையே ஆட்டியதே, அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். உன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமா என்று பார், பழைய மாடல் என்றால் பெரும்பாலும் ஏறாது. கவலைப்படாதே, அதற்கு வேறு வழி இருக்கிறது.

காரைக்குடிக்காரரிடம் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடச் சொன்னோம். பணம் போன சூட்டோடு சொன்னால் அது கைமாறுவதற்குள் அந்தக் கணக்கை நிறுத்தி வைக்க அவர்களால் முடிகிறது. ஒரு பகுதி நின்றிருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. மீதியை அண்ணி தான் பாதி ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், கடைக்காரர் வேண்டாம் என்கிறார். உன் பாங்குக் கணக்கையும் பழைய மாதங்கள் வரை ஒருமுறை புரட்டிப் பார். உன் தப்பில்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், பாங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் நஷ்டம் உன் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

தைப்பூசத்துக்குத் தெப்பம் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா, மாரியம்மன் தெப்பக்குளத்தில் இந்த வருஷமும் கூட்டம் சொல்லி மாளாது, சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும். வரும்போது கார்த்தியின் பழைய லேப்டாப்பையும் கையோடு கொண்டு வா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுத் தருகிறேன். பாங்கு வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். சார்ஜரை மறந்துவிடாதே.

அன்புடன்,
சரோஜா