வண்டியை விற்பதற்கு முன்னால்

திண்டுக்கல்,
27-12-2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரியானால் இருமல். கஷாயம் வைத்துக் கொடுக்கிறோம், இப்போது பரவாயில்லை. பேரனுக்கு ஐந்தாம் மாதம் முடிந்து, பெண்ணையும் குழந்தையையும் திண்டிவனத்துக்கு அனுப்பிவிட்டோம், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முருகேசனை ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

சரி, கடைசிப் பத்தியில் உன் பைக்கை விற்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன். ஷோரூமில் லிட்டருக்கு 65 கிலோமீட்டர் என்றார்கள், 44தான் கொடுக்கிறது, புரோக்கரிடம் சொல்லி வைத்துவிட்டேன் என்கிறாய். தயவுசெய்து ஒரு மாதம் பொறு.

முதலில் அந்த 44. இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாய், முள் பழைய இடத்துக்கு வந்தபோது 88 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அதை இரண்டால் வகுத்தாய். முள்ளை நம்பிப் போட்ட கணக்கு அது. டேங்குக்குள் கிடக்கும் மிதவைதான் அந்த முள்ளை ஆட்டுகிறது. டேங்கோ மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருப்பதில்லை. அதனால் முள் ஓர் இடத்தில் சரசரவென்று இறங்கும், இன்னோர் இடத்தில் நகராமல் நிற்கும். வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் காட்டுவது மாறும். நீ போட்ட 2 லிட்டரில் கால் லிட்டர் முன்னே பின்னே போனால் உன் 44 என்பது 50 ஆகவும் இருக்கலாம், 39 ஆகவும் இருக்கலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்து. டேங்க் வாய்க்குள் ஒரு தகட்டு வளையம் தெரியும், அதன் அடிவிளிம்பை பெட்ரோல் தொடும் வரை நிரப்பு. கிலோமீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த தடவை அதே பங்க், அதே ஸ்டாண்டு, அதே விளிம்பு. இரண்டாம் தடவை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் நீ எரித்தது. சைடு ஸ்டாண்டில் ஒரு தடவை, சென்டர் ஸ்டாண்டில் ஒரு தடவை என்று நிரப்பினால் கணக்கே கெட்டுவிடும். முதலாளி எனக்குப் பெட்ரோல் காசு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் தருகிறார். அதற்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தது, இன்று வரை விடவில்லை. அந்த நோட்டு என்னை எப்படிக் காப்பாற்றியது என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் அந்த 65. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் வண்டியை உருளையின் மேல் நிறுத்தி, இத்தனை நொடியில் இவ்வளவு வேகம் என்று வகுத்துவைத்த அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே சிக்னல் நெரிசல் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, பின்னால் அரிசி மூட்டையும் கிடையாது. இரண்டு கம்பெனி வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். உன் தெருவில் உன் வண்டி எவ்வளவு கொடுக்கும் என்பதை அது சொல்லாது.

உன் தெருவில் என்ன நடக்கிறது? காலையில் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் இரண்டரை கிலோமீட்டர். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறாய். சாயங்காலம் அதே இரண்டரை. நடுவில் பால் வாங்க நாலு கட்டிடம் தள்ளியிருக்கும் பூத்துக்கு ஒரு தடவை. முருகேசா, உன் இன்ஜின் ஒரு நாள்கூட முழுதாகச் சூடாவதில்லை! குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, கொஞ்சம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் அந்தக் காலத்தில் சோக்கை இழுத்துவிட்டோம். இன்றைய வண்டியில் சோக் இல்லை, அந்த வேலையை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே செய்கிறது. இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோலைத் தாராளமாக விடும். ஆயிலும் இளகியிருக்காது. சென்னையில் ஏது குளிர் என்று நினைக்காதே. நமக்குப் புழுக்கமாக இருக்கும் 30 டிகிரிகூட இன்ஜினுக்குக் குளிர்தான். வேண்டிய சூட்டுக்கு வருவதற்குள் நீ ஸ்டேஷனில் சாவியை எடுத்துவிடுகிறாய். இப்படி ஓடும் வண்டி 44 கொடுத்தால், வண்டி மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பால் பூத்துக்கு மட்டும் நடந்து போய்ப் பார். டாக்டரும் உன்னை நடக்கத்தானே சொல்லியிருக்கிறார்.

வண்டியில் உண்மையிலேயே கோளாறு இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என் கதையைக் கேள். என் 100 சிசி வண்டி நோட்டில் வருடக்கணக்காக 62, 63, 64 என்றே வந்துகொண்டிருந்தது. இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு டேங்க் 57 என்றது. அடுத்தது 52. பங்க்கில் அளவு குறைகிறது என்று நினைத்து வேறு பங்க் மாறினேன், அங்கும் 52. சர்வீஸுக்கு விட்டேன். கார்பன் அடைத்திருக்கிறது என்று டேங்கில் ஏதோ மருந்து ஊற்றி எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுபடி 52.

ஆர்டர் எடுக்க ஒட்டன்சத்திரம் போயிருந்தபோது மார்க்கெட் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டினேன். அவர் சாவியைக்கூடக் கேட்கவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். சக்கரம் அரைச் சுற்றுப் போய், "சர்ர்" என்று உரசி நின்றுவிட்டது. "டிரம்மைத் தொட்டுப் பாருங்க சார்" என்றார். தொட்டேன். வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு. "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இத்தன நாளா ஓட்டியிருக்கீங்க" என்றார்.

மழையில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று, கம்பியின் முனையில் இருக்கும் நட்டை நான்தான் மூன்று நான்கு சுற்று முறுக்கி வைத்திருந்தேன். உள்ளே, டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவை விரிக்கும் கேம் வேறு காய்ந்துபோய், மிதித்தால் விரிந்தது திரும்பிப் போகாமல் நின்றிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, கேமைத் துடைத்து, சுண்டுவிரல் நுனியளவு கிரீஸ் தடவினார். ஷூவில் ஒரு பொட்டுப் படாமல் அவர் தடவிய பக்குவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாட்டி முடித்ததும் செயினையும் தொட்டுப் பார்த்தார், அதுவும் விறைப்பாக இருந்தது. கொஞ்சம் லூஸ் விட்டார். மறுபடி சக்கரத்தைத் தள்ளியபோது சத்தமே இல்லாமல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, தானாக ஓய்ந்தது. கூலி 150 ரூபாய். அடுத்த டேங்க் 60, அதற்கடுத்தது பழைய 63.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறேன். 52 கொடுத்தால் 29 லிட்டர் வேண்டும், 63 கொடுத்தால் 24 போதும். 5 லிட்டர் வித்தியாசம், ஐந்நூறு ரூபாய். எனக்கு அது சின்னக் காசில்லை. நோட்டு இல்லாமல் இருந்தால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நானும் உன்னைப் போலவே முடிவு கட்டியிருப்பேன்.

இப்போது உன் கணக்கைப் பார். மாதம் 150 கிலோமீட்டர்தான் ஓடுகிறாய். 44 கொடுத்தால் 3.4 லிட்டர். 60 கொடுக்கும் வேறு வண்டி வாங்கினால் இரண்டரை லிட்டர். மிச்சம் ஒரு லிட்டர்கூட வரவில்லை. வருடம் முழுக்கச் சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சம். அதற்காக இரண்டு வருட வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மேலே ஐம்பதாயிரம் போட்டு இன்னொன்று வாங்குவாயா? மைலேஜைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியவர்கள் நாள் முழுக்க வண்டி மேலேயே இருக்கிறவர்கள். என்னைப் போல ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள். அவர்களுக்கு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது மாதக் கடைசியில் அரிசி விலை. உனக்கு பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா, இடுப்பு வலிக்காமல் உட்கார முடிகிறதா என்பதுதான் முக்கியம். மின்சார ஸ்கூட்டரைப் பற்றியும் கேட்டிருந்தாய். உன் தூரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும், ஆனால் இந்த வண்டி உழைத்து முடிந்த பிறகு யோசிக்கலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று உன் ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாமே. அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் கலந்தது. அப்படியானால் நூற்றுக்கு ஆறு ஏழு குறைய வேண்டும், 60 கொடுத்த வண்டி 56 கொடுக்கும். 65 போய் 44 ஆவதற்கு அது காரணமில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வை. மழைக் காலத்தில் வண்டியை வெளியில் நிறுத்தினால் மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்.

மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை விட்டுவிடு. 1988-இல் உன் அண்ணனின் டூ ஸ்ட்ரோக் சுசுகியில் சிறுமலை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பும்போது பெட்ரோல் பத்தாது என்று இன்ஜினை அணைத்துவிட்டு, மடியில் வாழைத்தாருடன் 18 கொண்டை ஊசி வளைவையும் உருண்டே இறங்கினோம். அடிவாரத்தில் பிரேக் தீய்ந்த வாடை. அன்றைக்கு எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும், நம் கையில் காசும் இல்லை, என்ன செய்வது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது ஊரே ஏன் அதைச் சுற்றி நின்றது என்று இப்போது புரிகிறது. அது நாலு ஸ்ட்ரோக், அதில் அந்த ஓட்டை இல்லை. ஆனால் உன் வண்டி கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும் இன்ஜெக்ஷன் வண்டி. இறக்கத்தில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுப் பார். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகள் அப்போது பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே வரும். கியரில் இறங்கினால் பிரேக்குக்கும் துணை.

டயரில் காற்று வாரம் ஒரு தடவை பார். எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வேறு அளவு. காகித ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைத்து ஓட்டாதே, கெடு வந்தால் மாற்றிவிடு. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

உன் வண்டியின் நிஜமான மைலேஜ் தெரிய ஒரு வழி இருக்கிறது, அம்மா சொன்னதும் அதுதான். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, விடிந்து பனி விலகியதும், தாம்பரத்தில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு திண்டிவனம் கிளம்பு. போக 95 கிலோமீட்டர் இருக்குமா? போய்வந்தால் ஏறக்குறைய 190. செங்கல்பட்டில் ஒரு டீ குடி. மேல்மருவத்தூர் தாண்டியதும் ரோடு அகலமாக இருக்கிறது என்று கை முறுக்கச் சொல்லும், முறுக்காதே. 50-இல் போவதற்கும் 70-இல் போவதற்கும் காற்று தள்ளும் விசை ஏறக்குறைய இரண்டு பங்கு. 50-லேயே இடது ஓரமாகப் போ. வலது கால் பிரேக் பெடல் மேல் படாமல் இருக்கட்டும். சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்பி, அதே பங்க்கில், அதே விளிம்பு வரை நிரப்பு. மூன்று லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும் என்பது என் ஊகம்.

எத்தனை பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இரண்டையும் எழுது. பேரன் உன்னை அடையாளம் கண்டுகொண்டானா என்பதை அம்மாவுக்குத் தனியாக எழுது. புரோக்கரிடம் இன்றைக்கே போன் செய்து இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் செல்வம்